வாலைப் பிடிக்காதவர்

பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு வரும் பஸ்ஸில் அந்த அம்மா எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டு வருவார். இடம் கிடைத்தால் உட்காருவார்தான். கிடைக்காத நாளில், நாங்களெல்லாம் மேல் கம்பியில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் நடுவில் இரண்டு கைகளையும் சும்மா தொங்கவிட்டு நிற்பார். அந்தக் காலத்து ரோடு எப்படி இருந்தது என்பது அதில் போனவர்களுக்குத் தெரியும். வளைவில் பஸ் சாயும்போது மொத்தக் கூட்டமும் ஒரு பக்கமாகச் சரியும். அவருக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் மடங்கி நிமிரும். ஒருமுறை கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கம்பியப் புடிம்மா! வுழுந்து கிழுந்து வெச்சீன்னா என் தலதான் உருளும்."

"நீ டிக்கெட்டக் கிழிப்பா. நான் வுழுந்தா நானே எந்திரிச்சிக்கறேன்."

அடுத்த வளைவில் விழுந்தது கண்டக்டர்தான். அன்று எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது; பையோடும் விசிலோடும் என் மடியில் வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் அப்போது கிராம சேவக். யூனியன் ஆபீசில் ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை, ஒரு கட்டு துண்டுப் பிரசுரம் கொடுத்து, ஏழெட்டு ஊர்களுக்குப் போய் விவசாயம் சொல்லிக்கொடு என்று அனுப்பிவிட்டார்கள். நான் தருமபுரி டவுனில் ஒரு டெய்லருக்குப் பிறந்தவன். வேலைக்குச் சேரும்வரை நெல்லை மூட்டையில் மட்டுமே பார்த்தவன். பயிற்சிப் பள்ளியில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். மனப்பாடம் செய்தவனுக்கு வரும் திமிர் எனக்கும் வந்திருந்தது. அதை இறக்கி வைத்தவர் அந்த அம்மா.

பென்னாகரத்துக்குச் சில மைல் தள்ளி ஏரிக்கரையை ஒட்டி அவருடைய ஊர். மேட்டு நிலத்தில் கேழ்வரகும் சாமையும். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை. ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அந்த நஞ்சையில் அவருக்கு அரை ஏக்கர் இருந்தது. அதுதான் அவருக்கும் அவருடைய ஒரே மகளுக்கும் சோறு போட்டது. அவருடைய கணவர் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்கென்று போனவர். இரண்டு வருடம் கடிதம் வந்ததாம். பிறகு அதுவும் நின்றுவிட்டது. இதை எனக்கு ஊரார் சொன்னார்கள். அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது பரம்புப் பலகையின்மேல். நெல் நடுவதற்கு முன் சேற்றை உழுது தண்ணீர் கட்டி, பிறகு பரம்படித்து வயலைச் சமப்படுத்துவார்கள். ஆள் உயரத்துக்கும் கூடுதலான நீளத்தில் ஒரு பலகை. அதை நுகத்தடியில் கயிறு போட்டுக் கட்டி மாடுகள் இழுக்கும். பலகைமேல் ஓர் ஆள் ஏறி நிற்பார். மேட்டில் அழுத்தி நின்றால் பலகை சேற்றை வாரிக்கொள்ளும். பள்ளத்தில் உடம்பைத் தளர்த்தினால் வாரிய சேறு இறங்கிப் பள்ளம் நிரம்பும். நிற்கிறவர் விழாமலிருக்க ஒரு கையால் மாட்டு வாலைப் பிடித்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். மாடுகளுக்கும் அது பழகிப்போன விஷயம்.

அந்த அம்மா வாலைப் பிடிக்கமாட்டார். கயிற்றை நுகத்தடியில் சுற்றிவிட்டு, புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு நிற்பார். மாடுகள் எட்டி நடந்தால் அவரும் பலகையும் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். ஒல்லியான உடம்பு. பலத்த காற்றடித்தால் பறந்துவிடுவார் என்று பயமாக இருக்கும். நான் சைக்கிளை வரப்பில் சாத்திவிட்டு, அதிகாரத் தொனியில், "ஏம்மா, வாலைப் பிடிச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வாலப் புடிச்சா மாடு போற பக்கமெல்லாம் நாம போவணும்ங்க. புடிக்காம நின்னா, நாம சாயற பக்கம் மாடு வரும்," என்றார். பலகை நிற்கவில்லை. பதில் சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

இது எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை.

ஊரில் பரம்படிப்பதில் பேர் போனவர் அவருடைய கொழுந்தனார். கணவருக்கு நேர் இளையவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் ஏறினால் பலகை முனகும். கனம் இருந்தால்தான் வயல் சமமாகும் என்பது அவர் கட்சி. கனம் போதாத நாளில் பலகையில் ஒரு கல்லையும் ஏற்றிக்கொள்வார். அண்ணன் போன முதல் வருடம் அண்ணியின் வயலுக்கும் அவர்தான் பரம்படித்தார். தன் வயலை முடித்து, பங்காளிகள் வயலை முடித்து, கடைசியில் வந்தார்.

"வந்தாருங்க. வராம இல்ல. அதுக்குள்ள நாத்துக்குத் தாடி மொளச்சிப்போச்சு," என்பார் அந்த அம்மா.

அடுத்த வருடம் தானே ஏறிவிட்டார். பெண்பிள்ளை பரம்பில் ஏறினால் ஏரி தங்காது என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அதற்கடுத்த வருடம் ஏரி நிரம்பாமலும் போயிற்று. அவர் ஏறுவதற்கு முந்திய வருடங்களில் நிரம்பாததெல்லாம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவருக்குப் 'பலகைக்காரி' என்று பேர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். நாளாக நாளாக அதிலிருந்த கேலி தேய்ந்து, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூட, "அந்தப் பலகைக்காரம்மாவ ஒரு தரம் வந்து பாக்கச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டது.

ஆனால் அவருடைய உண்மையான வித்தை பெரிய பலகையில் இல்லை. மாடுகள் திரும்பும்போது வயலின் நாலு மூலைகளும் பரம்பு படாமல் நின்றுவிடும். மற்றவர்கள் அங்கே மம்முட்டியால் இழுத்துவிட்டு, தங்கள் கால்தடத்தையும் பதித்துவிட்டுப் போவார்கள். இந்த அம்மாவிடம் ஒரு சின்னப் பலகை இருந்தது. மாட்டுக் கொட்டகையின் பழைய கதவில் உடைந்த துண்டு. முன்பக்க விளிம்பை ஆசாரியிடம் கொடுத்து இலேசாக மேல்நோக்கிச் செதுக்கி வாங்கியிருந்தார். அடியில் விளக்கெண்ணெய் தேய்த்து வைத்திருப்பார். அதை வரப்போரத்தில் தண்ணீர்மேல் நழுவவிட்டு, வரப்பின்மேல் அதோடு கூடவே நாலெட்டு ஓடி, ஓடுகிற ஓட்டத்தில் அதன்மேல் கால் வைத்துவிடுவார். பலகை அவரைச் சுமந்துகொண்டு மூலையைக் குறுக்காக வெட்டிப் போய் அடுத்த வரப்பில் முட்டும். அவர் வரப்பில் இறங்கிக்கொள்வார். வயலுக்குள் ஒரு கால்தடம் இருக்காது. பலகை போன வழி மெழுகிவிட்ட தரைபோல இருக்கும்.

பார்க்கப் பார்க்க எனக்குக் கை கால் பரபரத்தது. அறுவடை முடிந்து நாற்றங்கால் சும்மா கிடந்த ஒருநாள், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யூனியன் ஆபீசில் இதற்குப் படி தருவார்களா என்று கேட்டார். பிறகு சொல்லிக்கொடுத்தார்.

முதல் பாடம் தண்ணீர். நான் நிறையத் தண்ணீர் கட்டினால் நன்றாக மிதக்கும் என்று நினைத்து மடையைத் திறக்கப் போனேன். தடுத்துவிட்டார். "ரெண்டு வெரல் தண்ணி போதும்ங்க. அதிகமாப் போனா பலக தண்ணியில முழுவும். கொறஞ்சா சேறு புடிச்சிக்கும்." இரண்டு விரலை நுழைத்துக் காட்டினார். பலகையை வீசியெறியக் கூடாது. தோசையைக் கல்லிலிருந்து தட்டில் தள்ளுகிற மாதிரி படிய விடவேண்டும். பலகை ஓடும் வேகத்தில் நாமும் ஓடவேண்டும். குதித்து ஏறக்கூடாது, நடக்கிறபோது அடுத்த அடி வைப்பதுபோல வைக்கவேண்டும். முன்பக்கம் பாரம் போனால் மூக்கு குத்தும், ரொம்பப் பின்னால் போனால் பலகை நம்மை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் நிற்கவேண்டும். முழங்கால் விறைக்கக் கூடாது.

முதல் தடவை குதித்தேன். பலகை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். இரண்டாம் தடவை பலகையே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் தடவை ஏறி நின்றேன். நின்றுவிட்டேனா என்று கீழே பார்த்தேன். அவ்வளவுதான், வாய் நிறையச் சேறு.

"காலப் பாக்காதீங்க சார். அது எங்கயும் போயிடாது, உங்க கூடத்தான் இருக்கும். எதிர்வரப்பப் பாருங்க."

நான் வேதக்காரக் குடும்பம். அது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதையும் அறிவார். வரப்பில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்தபோது, "உங்க சாமி தண்ணிமேல நடந்தாராமே, நெசமா?" என்று கேட்டார். நடந்தார் என்றேன். அவரைப் பார்த்து ஒரு சீடரும் படகிலிருந்து இறங்கி நடந்ததையும், பாதியில் காற்றையும் அலையையும் கண்டு பயந்து முங்கப் போனதையும் சொன்னேன்.

"கீழ பாத்திருப்பாரு," என்றார் உடனே. பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உங்க சாமி ஆழத்துல நடந்தாரு. நான் ரெண்டு வெரல்ல போறேன். ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க தண்ணி," என்றார்.

அடுத்த ஞாயிறு பூசையில் பிரசங்கம் முழுக்க எனக்கு அந்த வரப்புதான் ஞாபகத்தில் ஓடியது. பங்குச் சாமியாரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுவாரோ என்று விட்டுவிட்டேன்.

பல வருடம் கழித்து, எழுபதுகளின் நடுவில், எனக்கு அரூர்ப் பக்கம் மாற்றல் ஆகியிருந்தது. ஆபீஸ் நண்பர்களோடு தீர்த்தமலை ஏறிக்கொண்டிருந்தேன். படிகளில் பாதி தூரத்திலேயே எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து ஒருவர் கையை வீசிக்கொண்டு இறங்கி வந்தார். தலையில் ஈரம். தலைமுடி பாதி நரைத்திருந்தது. நடை அதே நடை. தீர்த்தமாடிவிட்டு வருகிறார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அட, நம்ம சார்! இன்னும் எதையாச்சும் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறீங்களா?"

நண்பர்கள் முன்னால் மானம் போயிற்று. ஆனாலும் எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை. இந்த அம்மா யார் தெரியுமா என்று மலையிறங்கும்வரை அவர்களை விடவில்லை. அன்று அவர்களுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் புதிதாகக் குட்டை நெல் வந்தது. பழைய ரகங்கள் நெஞ்சளவு வளரும்; தண்ணீர் கொஞ்சம் கூடக் குறைய நின்றாலும் தாங்கும். இது குள்ளப் பயிர். பள்ளத்தில் இருந்தால் மூழ்கும், மேட்டில் இருந்தால் களை அடித்துவிடும். வயல் தட்டுப்போல இருக்கவேண்டும். ஒவ்வொரு கிராம சேவக்கும் தன் பகுதியில் ஒரு மாதிரி வயல் காட்டவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. விதை, உரம் எல்லாம் இலவசம். வயலோரத்தில் விவசாயியின் பெயரெழுதி ஒரு போர்டு நடுவார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாவின் அரை ஏக்கரை எழுதிவிட்டேன்.

படிவத்தில் 'விவசாயி பெயர்' என்று ஓரிடம். கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். பட்டா செத்துப்போன மாமனார் பேரில் இருக்கிறது; மூத்த மகன் ஊரில் இல்லை; "சின்னவன் பேரப் போடுங்க, அதான் மொற," என்றார். கொழுந்தனாரின் பெயரை எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன். அவரும் சந்தோஷமாகப் போட்டார். அதில் தப்பு இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. படித்த முட்டாள் என்று சொல்வார்களே, அது நான்தான்.

அந்த அம்மா வாய்க்காலில் பலகையை வைக்கோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய ஆபீசர் தருமபுரியிலிருந்து வயலைப் பார்க்க வருகிறார், பார்த்து ஒப்புக்கொண்டால் போர்டு நட்டுவிடலாம் என்று சொன்னேன்.

"யாரு பேருங்க எழுதியிருக்கீங்க?"

"உங்க கொழுந்தனார் பேருதாம்மா. அதுதான் வழக்கமாம்."

"ஓ," என்றார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு, "போர்டு நட்டா கணக்குப்பிள்ள பாப்பாரில்லீங்களா?" என்று கேட்டார்.

"பார்ப்பார்."

"அடங்கல்ல அந்தப் பேரத்தான எழுதுவாரு?"

எந்த வயலை யார் பயிர் செய்கிறார் என்று வருடாவருடம் எழுதுகிற ஊர்க் கணக்கு அடங்கல். அதில் ஒரு பெயர் நாலு வருடம் தொடர்ந்து ஏறிவிட்டால் வயல் அவருடையது என்று ஆகிவிடும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அரை ஏக்கரை நானே பேனாவால் எடுத்துக் கொழுந்தனார் கையில் கொடுத்திருக்கிறேன்.

"நான் ஆபீசர்கிட்டச் சொல்றேம்மா. பேரை மாத்திடலாம்," என்று பதறினேன்.

"வேணாம்ங்க. நீங்க சொல்லி எழுதற பேர இன்னொருத்தர் வந்து சொன்னா அழிப்பாங்க. ஆபீசரு வயலப் பாக்கட்டும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த வீம்பு எதற்கு? யாரோ ஒருவர் கையைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அன்று முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

ஆபீசர் வரும் நாளன்று வயல் தயாராக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே அந்த அம்மா பரம்படித்து முடித்துவிட்டார். அவரிடம் ஒற்றை மாடுதான் உண்டு. அண்டை வயல்காரரின் மாட்டோடு சேர்த்துக் கட்டி முறைபோட்டு ஓட்டுவார்கள். அன்று காலையில் ஜோடி, ஏரிக்கு அந்தப் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. கொழுந்தனார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் ஜீப்புக்குக் காத்திருந்தார். பரம்படித்தது யார் என்று யாராவது கேட்டால், "நம்ம வயலு, நாமதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா மடை திறக்கிற நீர்க்கட்டியைப் பார்க்கப் போயிருந்தார். வயலோரத்தில் நான் மட்டும். அப்போதுதான் ஒரு நாரை தெற்கு மூலையில் இறங்கி, இஷ்டத்துக்கு நடந்து, தடம் தடமாகப் பதித்துவிட்டுப் பறந்தது. ஆபீசர் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? சின்னப் பலகை வரப்பில் கிடந்தது. அம்மா வருவதற்குள் நாமே வழித்துவிடலாம், நாம் செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாகவும் இருக்கும் என்று நினைத்தேன். பாவி, நினைத்தேன்.

பலகையை விட்டேன். ஓடினேன். ஏறியும் விட்டேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் நாரையின் தடம் அழிகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

குப்புற விழுந்தேன். பலகை என்னை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்த்தான் கவிழ்த்திருந்தது. மடைப்பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "படுத்தே இருங்க சார்! எந்திரிக்காதீங்க!" படுத்தபடி ஊர்ந்து வந்திருந்தால் மேலாக ஒரு கீறலோடு போயிருக்கும். நான் பயத்தில் எழுந்து நின்றேன். நின்றதோடு விடாமல் ஓடினேன். பக்கத்து வரப்பை விட்டுவிட்டுத் தூரத்து வரப்பைப் பார்த்து ஓடினேன். வரப்பேறித் திரும்பிப் பார்த்தால், மெழுகிய வயலில் முழங்கால் ஆழத்துக்கு ஏழு குழிகள். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது.

கொழுந்தனார்தான் முதலில் ஓடிவந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னாலேயே ஆபீசர் வந்தார். குழிகளைப் பார்த்தார். சேற்றிலிருந்து எடுத்து நட்ட கம்பம்போல நின்ற என்னைப் பார்த்தார்.

"இதுதான் மாதிரி வயலாய்யா?"

ஆபீசர் கொழுந்தனார் பக்கம் திரும்பினார். "நீங்கதானே விவசாயி? இதைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"மாடு வரணும்ங்க. மறுபடி ஓட்டணும். சாயங்காலம் ஆயிடும்ங்க."

"அதுவரைக்கும் நிக்க முடியாது. பக்கத்து ஊர்ல ஒரு வயல் இருக்குன்னாங்க. அங்க குடுத்திடலாம்," என்று ஆபீசர் திரும்பி நடந்தார்.

"அரை மணி நேரம் நில்லுங்க சார்."

அந்த அம்மா வந்துவிட்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை. என்னைத் திட்டவுமில்லை. சேற்றில் கவிழ்ந்து கிடந்த பலகையை ஒரு கழியால் இழுத்தெடுத்து, முந்தானையால் அடியைத் துடைத்து, இடுப்பிலிருந்த சின்னப் புட்டியிலிருந்து எண்ணெய் விட்டுத் தேய்த்தார். வாய்க்காலோரத்திலிருந்து தேங்காய் அளவுக்கு ஏழு உருண்டை சேறு உருட்டி வரப்பில் வரிசையாக வைத்தார். குழிகள் இருந்த இடம் மூலையைவிட வெகு உள்ளே. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு அவர் வழக்கமாகப் போவதைப்போல மூன்று பங்கு தூரம். அவ்வளவு தூரம் அவர் அதுவரை போனதில்லை. நடுவில் பலகை நின்றுவிட்டாலோ கவிழ்ந்தாலோ எட்டாவது குழியும் ஒன்பதாவது குழியும் அவருடையதாகிவிடும். அது எனக்குத் தெரியும், கொழுந்தனாருக்கும் தெரியும். ஆபீசருக்குத் தெரியாது, அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் உருண்டையைக் கையில் எடுத்தார். பலகையை விட்டார். நாலெட்டுக்குப் பதிலாகப் பத்தெட்டு ஓடினார். கால் வைத்தது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான். முதல் குழியைத் தாண்டும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி, கையிலிருந்த சேற்றை அதற்குள் இறக்கிவிட்டு, எதிர்வரப்பைப் பார்த்தபடியே போய் ஏறினார். ஆபீசர் கடிகாரக் கையைக் கீழே இறக்கினார்.

இரண்டாவது குழி நிரம்பியது. மூன்றாவது தடவை பலகை ஏதோ கட்டியில் இடறி ஆடியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் 'ஆ' என்றோம். கொழுந்தனார் தன்னையறியாமல் வரப்பிலிருந்து எட்டிக் கையை நீட்டிவிட்டார்.

"கைய எடுங்க தம்பி, பலக முட்டும்!"

கையை எடுத்தார். அந்த அம்மா ஆட்டத்தை முழங்காலிலேயே வாங்கிக்கொண்டு போய் வரப்பேறினார். ஏழு குழிக்கு ஏழு தடவை. பிறகு வழிப்பதற்கு மேலும் ஏழெட்டுத் தடவை. அதில் அந்த நாரையின் தடமும் போயிற்று. எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். எனக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. முகம் முழுக்கச் சேறு இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. விழுந்ததில் அந்த ஒரு நன்மை.

நீர்க்கட்டி மடையைத் திறந்தார். தண்ணீர் ஓசையில்லாமல் பரவி, நாலு மூலையையும் ஒரே நேரத்தில் தொட்டது. ஒரு திட்டும் தலை தூக்கவில்லை. ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பைச் சுற்றி நடந்து, ஒரு குச்சியை அங்கங்கே விட்டு அளந்து பார்த்தார். எங்கே விட்டாலும் இரண்டு விரல்தான் நனைந்தது. திரும்பி வந்து கொழுந்தனாரிடம் கேட்டார்.

"நேத்து இந்த வயலைப் பரம்படிச்சது யாரு?"

கொழுந்தனார் வயலைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கமும் படிவமும் கணக்குப்பிள்ளையும் அவர் பக்கம். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அண்ணிங்க," என்றார். "எப்பவும் அண்ணிதாங்க. நான் நின்னா இப்படி வராதுங்க."

அந்த மனிதரை நான் அதுவரை தப்பாக நினைத்திருந்ததற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆபீசர் ஜீப்பின் முன்பக்கத்தில் படிவத்தை விரித்தார். எழுதியிருந்த பெயரைக் குறுக்கே அடித்தார். பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "அந்த அம்மா பேரு என்னய்யா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை வருடமாக அவர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன். அவர் கையால் களியும் கீரையும் வாங்கித் தின்றிருக்கிறேன். அம்மா என்று கூப்பிட்டதோடு சரி, பெயரைக் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கொழுந்தனாரைப் பார்த்தேன். அவருக்கு அண்ணி. நீர்க்கட்டிக்கு மூத்தவர் சம்சாரம். அங்கே நின்ற அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த அம்மாவே முன்னால் வந்தார். கையில் சேறு காய்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொன்னார். நல்ல பெயர். சத்தமாகச் சொன்னார்.

ஆபீசர் எழுதினார். பழக்கதோஷத்தில் அடுத்ததையும் கேட்டார்: "கணவர் பெயர்?"

"அவரு பேரு எதுக்குங்க? அவரு காப்பித் தோட்டத்துல இருக்காரு. வயல்ல நான்தான நிக்கிறேன்."

ஆபீசர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படிவத்தை என் கையில் கொடுத்தார்.

சேறு உலராத சட்டையோடு அப்போதே பென்னாகரத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். அங்கே போர்டு எழுதுகிற பெயிண்டர் தகரத்தில் வெள்ளையடித்துவிட்டுப் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு, நான் எழுதிக்கொடுத்த சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் பேருதாங்களா? இன்னார் சம்சாரம், இன்னார் மருமவ, ஒண்ணும் போடலீங்களே?"

"ஒண்ணும் வேணாம்ங்க," என்றேன். "பேரு மட்டும். ரோட்டுல பஸ்ல போறவங்களுக்கும் தெரியற மாதிரி பெருசா எழுதுங்க."